கிழக்கே சூலம்!

புலி, ஆடு, புல்லுக்கட்டு கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு ஆறு, ஒரு படகு. புலியையும் ஆட்டையும் தனியாக விட்டால் புலி ஆட்டைத் தின்றுவிடும். ஆட்டையும் புல்லையும் விட்டால் ஆடு மேய்ந்துவிடும். மூன்றையும் சேதாரமில்லாமல் அக்கரை சேர்க்க வேண்டும். நாலாம் வகுப்பில் இதைப் போட்டபோது, 'இதெல்லாம் எதுக்கு உதவப் போகுது?' என்று அலுத்துக்கொண்டேன்.

உதவியது. 2024 அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் டெலவர் ஆற்றங்கரையில். புலிக்குப் பதிலாக எங்களிடம் இருந்தது ஒரு பிஸ்டல்.

என் பெரியம்மா மகன் அண்ணன், பென்சில்வேனியா மாநிலத்தில் லெபனான் என்ற ஊருக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்க்கும் அதை ஒட்டினாற்போல் ஒரு கடையும் நடத்துகிறார். அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கேட்டால் பைபிள் வகுப்பு மாதிரி இருக்கும். லெபனான், பெத்லகேம், நாசரேத். ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் அமெரிக்கா அனுப்பப்பட்ட நான், கடைசி வாரம் லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டில் டேரா போட்டேன்.

இலையெல்லாம் சிவந்து, மஞ்சளாகி, மலையே தீப்பிடித்த மாதிரி இருக்கும் காலம் அது. அதைப் பார்க்க என்னைக் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பிய அண்ணன், வழியில் ஹாம்பர்க் என்ற சின்ன ஊரில் ஒரு பெரிய கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். கேபலாஸ் என்று பெயர். 2003-ல் திறந்தது, இரண்டரை லட்சம் சதுர அடி! தூண்டில், கூடாரம், படகு, பாடம் பண்ணிய மான்கள், கரடிகள்... எல்லாம் தாண்டிப் போனால் துப்பாக்கி கவுன்ட்டர். நம்மூர் ஜவுளிக்கடையில் 'அந்த மாம்பழக் கலரை எடுங்க' என்று கேட்கிற மாதிரி ஒரு பாட்டியம்மா துப்பாக்கிகளை எடுத்துப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எதையும் தொடாதே தம்பி," என்றார் அண்ணன்.

"ஏன், உடைஞ்சிடுமா?"

"நீ விசிட்டர் விசா. உன்னை மாதிரி தற்காலிக விசாவில வந்தவன், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர, துப்பாக்கி வெச்சுக்கிறதே மத்திய அரசு சட்டப்படி குற்றம். வம்பே வேண்டாம்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், மியூசியத்தில் நிற்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

அப்போதுதான் சட்டையை லேசாக விலக்கி, இடுப்பைக் காட்டினார். அண்ணனிடமும் ஒன்று இருந்தது. சின்ன வயதில் பட்டாசுத் துப்பாக்கிக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடினவர்!

கதை கேட்டேன். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி, கடை மூடும் நேரம். முகமூடி போட்ட ஒருவன் உள்ளே வந்து, அண்ணன் நெஞ்சில் துப்பாக்கியை வைத்துக் கல்லாவைத் திறக்கச் சொன்னான். பணம் போனது. அதோடு போனது தூக்கம். ஆறு மாதம் கடை வாசலில் மணி அடித்தாலே கை நடுங்குமாம். பிறகு மாவட்ட ஷெரீஃப் ஆபீசுக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தார். கட்டணம் 20 டாலர். வயது 21 ஆகியிருக்க வேண்டும், பின்னணியைச் சோதிப்பார்கள், தடையாக எதுவும் இல்லை என்றால் லைசென்ஸ். மறைத்து எடுத்துப் போகலாம். ஐந்து வருஷம் செல்லும்.

"சுடத் தெரியுமானு பார்க்க மாட்டாங்களா?"

"இந்த மாநிலத்தில அது கட்டாயமில்லை. நானா காசு கட்டிக் கத்துக்கிட்டேன்."

பர்ஸிலிருந்து கார்டை எடுத்துக் காட்டினார். பார்ப்பதற்கு டிரைவிங் லைசென்ஸுக்குத் தம்பி மாதிரி இருந்தது. ஆனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் குணத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பது அந்தச் சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

*

சனிக்கிழமை, ஆற்றுக்கு அக்கரையில் நியூஜெர்ஸி மாநிலம் எடிசனில் கல்யாணம். அண்ணியின் தங்கை மகள். அந்தப் பெண்ணின் அப்பா மூன்று வருஷம் முன்பு தவறிவிட்டார். பெரியப்பா முறையில் அண்ணனும் அண்ணியும்தான் கன்னிகாதானம் செய்து கொடுக்க வேண்டும். முகூர்த்தம் 10 மணிக்கு. காலை ஆறரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

அண்ணி நாள்காட்டியைக் கிழித்தார். "என்னங்க, சனிக்கிழமை கிழக்கே சூலம்."

"அமெரிக்காவில சூலம் கிடையாது," என்றார் அண்ணன். இருந்தாலும் அண்ணி விடவில்லை. பரிகாரம் தயிர். ஆளுக்கு ஒரு ஸ்பூன் வாயில் ஊற்றித்தான் வண்டியில் ஏற்றினார்.

பட்டு வேட்டியில் அண்ணன் ஓட்ட, முன்சீட்டில் நான், பின்சீட்டில் அண்ணி, வரிசைத் தட்டுகள், மல்லிகைப்பூ. 78-ம் நம்பர் நெடுஞ்சாலை நேரே கிழக்கே போகிறது. ஹாம்பர்க் போயிற்று. ஆலன்டவுன் போயிற்று. இடது பக்கம் பெத்லகேம். அமெரிக்காவின் எத்தனையோ பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் எஃகு கொடுத்த ஊர். 1995-ல் அங்கே உலை அணைந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் ஒரு சூதாட்ட விடுதி நடக்கிறது என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார். ஈஸ்டன் நெருங்கியது. பிள்ளைகள் கலர் அடிக்கிற கிரேயோலா க்ரேயான் அந்த ஊர்ச் சரக்குதான்.

அப்போது சூரியன் சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து நின்றது.

"தம்பி, ரெண்டு சீட்டுக்கும் நடுவில அந்தப் பெட்டியைத் திற. கூலிங் கிளாஸ் இருக்கும்."

திறந்தேன். கூலிங் கிளாஸ் இருந்தது. அதற்கு மேல், தோல் உறைக்குள், கறுப்பாக...

"அண்ணே! இதுல துப்பாக்கி இருக்கு."

"தொடாதே!" என்று அண்ணன் கத்திய கத்தலில் வண்டியே ஒருமுறை ஆடியது.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கடையைத் திறந்து பையனிடம் ஒப்படைக்கப் போயிருக்கிறார். வழக்கம்போல இடுப்பில் பிஸ்டல். திரும்பி வந்து வேட்டி மாற்றும் அவசரத்தில், அதைக் கழற்றி வண்டிக்குள் வைத்தவர், வீட்டுக்குள் எடுத்துப்போக மறந்துவிட்டார்.

பாலத்துக்கு முன்னால் கடைசி எக்ஸிட். அண்ணன் இண்டிகேட்டர்கூடப் போடாமல் அதில் இறங்கினார். ஒரு டைனர் வாசலில் வண்டி நின்றது. நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்திருந்தது.

"அண்ணே, உங்ககிட்டதான் கார்டு இருக்கே?"

"அது இந்தக் கரைக்குத்தான்."

*

இங்கே வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு மாநில டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும். ஒரு மாநிலத்தில் கட்டிய தாலியும் எல்லா மாநிலத்திலும் செல்லும். துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் நம்மூர் பழைய லாரி பர்மிட் மாதிரி. எந்த மாநிலத்தின் கார்டை ஏற்றுக்கொள்வது என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்யும். ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கும். பென்சில்வேனியாக்காரர் மேற்கே ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா போனால் பிரச்னை இல்லை. வடக்கே நியூயார்க், தெற்கே மேரிலாந்து, கிழக்கே நியூஜெர்ஸி - செல்லாது. நியூஜெர்ஸி எந்த மாநிலத்தின் கார்டையும் ஏற்பதில்லை. அண்ணியின் நாள்காட்டி பொய் சொல்லவில்லை. கிழக்கே சூலம்தான்!

இந்தப் பட்டியலும் நிலையாக நிற்பதில்லை. 2015 டிசம்பரில் வர்ஜீனியாவின் அட்டர்னி ஜெனரல், 25 மாநிலங்களின் கார்டுகளை இனி ஏற்க மாட்டோம் என்று அறிவித்தார். அடுத்த மாதமே கவர்னர் எதிர்க்கட்சியோடு சமரசம் பேசி, முடிவைத் தலைகீழாக்கினார். இருபத்தைந்து மாநிலத்துக்காரர்கள் ஒரே மாதத்தில் செல்லாக்காசாகப் பார்த்து, மறுபடி செல்லுபடியானார்கள்.

வெர்மான்ட் கதை இன்னும் வேடிக்கை. அந்த மாநிலத்தில் மறைத்து எடுத்துப் போக பர்மிட்டே தேவையில்லை. என்றைக்கும் கொடுத்ததும் இல்லை. அதனால் அந்த ஊர்க்காரர் வெளிமாநிலம் போனால் காட்டுவதற்கு அவரிடம் சொந்த ஊர்க் கார்டே கிடையாது! 2024 கணக்குப்படி பர்மிட் தேவையில்லை என்று சொல்லும் மாநிலங்கள் மொத்தம் 29.

"போலீஸ்காரங்களுக்கு மட்டும் நேஷனல் பர்மிட் உண்டு," என்றார் அண்ணன். "2004-ல புஷ் கையெழுத்துப் போட்ட சட்டம். வேலையில இருக்கிறவங்க, ரிட்டயர் ஆனவங்க ரெண்டு பேருக்கும். எனக்குப் பெட்ரோல் பங்க்தானே!"

*

மணி 7.50. டைனர் வாசலில் எங்கள் வட்டமேஜை மாநாடு தொடங்கியது.

நான் எட்டிப் பார்த்தேன். தூரத்தில் பாலம் தெரிந்தது. செக்போஸ்ட் கிடையாது. தடுப்புக் கட்டை, விசில், 'ஓரமா நிறுத்து' எதுவும் கிடையாது. ஓசூர் தாண்டின அனுபவம் உள்ள எனக்கு ஆச்சரியம்.

"யாருமே செக் பண்ணலியே அண்ணே. அப்படியே போயிட்டா?"

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு கதை சொன்னார். 2013-ல் நடந்த நிஜக் கதை.

ஃபிலடெல்பியாவில் 27 வயதுப் பெண் ஒருவர். இரண்டு குழந்தைகளுக்குத் தாய், தனியாக வளர்க்கிறவர். இரண்டு தடவை வழிப்பறிக்கு ஆளானதால் துப்பாக்கி வாங்கி, முறைப்படி பென்சில்வேனியா லைசென்ஸும் எடுத்தார். அக்டோபரில் ஒருநாள் நியூஜெர்ஸிக்குள் காரில் போகும்போது, சாதாரண டிராஃபிக் தப்புக்காகப் போலீஸ் நிறுத்தியது. அந்தப் பெண்ணே முந்திக்கொண்டு, 'ஐயா, என்கிட்ட துப்பாக்கி இருக்கு, இதோ லைசென்ஸ்' என்று நீட்டினார். உண்மையைச் சொன்னதற்குக் கைவிலங்கு. சுமார் 40 நாள் ஜெயில்.

"அந்த ஊர் சட்டத்தில அனுமதியில்லாம கைத்துப்பாக்கி வெச்சிருந்தா 5-லேருந்து 10 வருஷம். அதில மூன்றரை வருஷம் பரோல் பேச்சே கிடையாது. அந்தப் பொண்ணுக்காக நாடே பேசிச்சு. 2014-ல, இந்த மாதிரி வெளிமாநில லைசென்ஸ்காரங்களைக் கொஞ்சம் பார்த்து நடத்துங்கனு அரசு வக்கீல்களுக்கு வழிகாட்டுதல் வந்தது. 2015 ஏப்ரல்ல கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பே கொடுத்தார். ஆனா சட்டம் மாறல தம்பி. எனக்கு யார் பேசுவா? நான் கிரீன் கார்டுக்காரன். துப்பாக்கிக் குற்றத்தில தண்டனை ஆச்சுன்னா நாடு கடத்தலாம். இருபது வருஷம் கட்டின வாழ்க்கை, இந்த ஒரு பாலத்தில போயிடும்."

பின்சீட்டில் சத்தமே இல்லை. அண்ணி மல்லிகைச் சரத்தைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"இன்னொண்ணு," என்றார் அண்ணன். "அந்த ஊர்ல கார்ல துப்பாக்கி இருந்தா, உள்ளே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் வெச்சிருந்ததாத்தான் முதல்ல எடுத்துப்பாங்க. உன்னையும் சேர்த்து."

நான் உடனே காரை விட்டு இறங்கி நின்றுகொண்டேன்.

யோசனைகள் வந்தன. குண்டை எடுத்துவிட்டுப் பூட்டி, பின்னால் வைத்துப் போகலாமா? 1986-ல் அதற்கென்றே மத்திய அரசு சட்டம் வந்திருக்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமை உள்ள இடத்திலிருந்து, உரிமை உள்ள இன்னொரு இடத்துக்குப் போகிறவர், வழியில் இருக்கும் கண்டிப்பான மாநிலத்தை அப்படித் தாண்டலாம். "நாம நியூஜெர்ஸியைத் தாண்டிப் போகல. நியூஜெர்ஸிக்கே போறோம். அது செல்லாது," என்றார் அண்ணன்.

வீட்டுக்குத் திரும்பி வைத்துவிட்டு வந்தால்? மறுபடி எடிசன் சேர பதினொன்றரை ஆகும். தாலி கட்டி, பந்தியே நடந்துகொண்டிருக்கும்.

அண்ணி வைத்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்தால்? அண்ணியிடம் லைசென்ஸ் இல்லை. நான்? பாதுகாப்பாக ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். விசா!

"காரை இங்கேயே பூட்டிட்டு, அது உள்ளேயே இருக்கட்டும். வாடகை டாக்ஸி பிடிச்சுப் போயிடலாம்," என்றார் அண்ணி.

நல்ல யோசனை. சட்டப்படியும் சரி. அண்ணன் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். மினிவேனின் பெரிய கண்ணாடிகளைப் பார்த்தார்.

"டிக்கி இல்லாத வண்டி. கண்ணாடியை உடைச்சா அரை நிமிஷம். எடுத்துட்டுப் போறவன் நாளைக்கு அதை எந்தக் கடைக்காரன் நெஞ்சில வைப்பானோ?" என்றார். "என் நெஞ்சில வெச்சதுகூட எவனோ காருல விட்டுட்டுப் போனதா இருக்கலாம். நான் அந்த வேலையைச் செய்ய மாட்டேன்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. புலி, ஆடு, புல்லுக்கட்டு. எத்தனை தடவை போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. அண்ணனும் பிஸ்டலும் இக்கரையில். நாங்கள் இருவரும் அக்கரைக்கு.

அண்ணியின் அண்ணனுக்குப் போன் போயிற்று. கன்னிகாதானத்துக்கு அவரும் அவர் மனைவியும் உட்காரட்டும் என்று ஏற்பாடு. அண்ணன் ஒரு மஞ்சள் பையில் இருந்த தேங்காயை வெளியே எடுத்துவிட்டு, பிஸ்டலை உறையோடு அதில் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டார். பட்டு வேட்டி, விபூதி, மஞ்சள் பை. அந்தக் கோலத்தில் அவர் டைனருக்குள் நுழைந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அண்ணி ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

பாலம் ஒரு நிமிஷம்கூட இல்லை. கீழே ஆறு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சூரியன் கூசுது," என்றார்.

*

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் வீடியோ காலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன். திரையில் அண்ணன். அவர் தோளுக்குப் பின்னால் டைனரில் பரிமாறும் அம்மாள் ஒருவர், அவருக்குப் பின்னால் தொப்பி போட்ட இரண்டு டிரைவர்கள். கெட்டிமேளம் ஒலித்தபோது ஈஸ்டனில் அத்தனை பேரும் கைதட்டினார்கள். அண்ணன் மட்டும் கும்பிட்டார்.

பந்தியில் என் பக்கத்தில் எடிசன் மாமா ஒருவர். முப்பது வருஷம் நியூஜெர்ஸி. அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். அநியாயம் என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன்.

"எங்க ஊர் சட்டம் சரி," என்றார், அவியலைப் பிசைந்துகொண்டே. "இங்கே பர்மிட் வேணும்னா பயிற்சி, சுட்டுக் காட்டற சோதனை, நாலு பேர் நற்சான்று, 200 டாலர். அங்கே 20 டாலர் கட்டினா போதும். அந்தக் கார்டை இங்கே ஏத்துக்கிட்டா, எங்க சட்டத்துக்கு என்ன மரியாதை? உங்கண்ணன் நல்லவர்தான். எல்லாரும் உங்கண்ணனா?"

"வெளிமாநிலத்துக்காரங்க இங்கேயே தனியா அப்ளை பண்ணலாமாமே?"

"பண்ணலாமே. 2022-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம் 'உனக்கு என்ன விசேஷ அவசியம்?'னு கேட்டு மறுக்க முடியாது. நியூயார்க்ல 1911-லேருந்து வந்த கெடுபிடிச் சட்டமே அதிலதான் விழுந்தது. ஆனா, ஒரு மாநிலக் கார்டை இன்னொரு மாநிலம் ஏத்துக்கணும்னு அந்தத் தீர்ப்பு சொல்லல."

அந்த 'ஏத்துக்கணும்' என்பதைச் சட்டமாக்க முயற்சி நடக்காமல் இல்லை. 2017 டிசம்பரில் கீழ்ச்சபையில் 231-க்கு 198 என்று மசோதா நிறைவேறியது. செனட்டில் படுத்துவிட்டது. 2025 ஜனவரியில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம், 'ஆற்றைத் தாண்டினால் என் உரிமை கரைந்துவிடுமா?' என்ற கேள்வி. இன்னொரு பக்கம், 'உன் ஊர் அளவுகோலை என் ஊரில் ஏன் வைக்கிறாய்?' என்ற கேள்வி. வாழை இலைக்கு முன் உட்கார்ந்து நான் இரண்டுக்குமே தலையாட்டினேன். எனக்குச் சேர்த்து வைத்தாற்போல் அப்போது பாயசம் வந்தது.

*

சாயங்காலம் திரும்பினோம். இந்தப் பாலத்தில் ஒரு விசேஷம். நியூஜெர்ஸிக்குள் போக டோல் கிடையாது. பென்சில்வேனியா திரும்பத்தான் காசு. உள்ளே போவது சுலபம், வெளியே வருவதற்குத்தான் விலை என்று அந்த ஊரில் ஜோக் அடிப்பார்களாம். காலையில் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

டைனரில் அதே மேஜையில் அண்ணன். எதிரே ஆறேழு காபிக் கோப்பைகள். மடியில் மஞ்சள் பை. ஒன்பது மணி நேரம் பாத்ரூமுக்குக்கூட அதைக் கட்டிப்பிடித்தபடியே போயிருக்கிறார். பரிமாறும் அம்மாள், "உங்க கணவர் அந்தப் பையில என்னதான் வெச்சிருக்கார்? கல்யாண நகையா?" என்று அண்ணியிடம் கேட்டார்.

"ஆமாம்," என்றார் அண்ணி.

எடிசனிலிருந்து கட்டிக் கொண்டுவந்த சாப்பாட்டை காரிலேயே பிரித்துக் கொடுத்தார். ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு அண்ணன் கேட்டார்:

"பொண்ணு என்னைத் தேடிச்சா?"

அண்ணி பதில் சொல்லவில்லை. தேடியது. தாலி ஏறினதும் மாப்பிள்ளையைக்கூடப் பார்க்காமல் என் கையில் இருந்த போனைத்தான் பார்த்தது.

"இனிமே வண்டியில ஏறினதும் முதல்ல அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கறேன்," என்றார் அண்ணன், தனக்குத் தானே.

"அதெல்லாம் வேண்டாம். சீட்டு பெல்ட் மாட்டறதுக்கு முன்னாடி நான் கேட்பேன். அதுக்கப்புறம்தான் தயிர்," என்றார் அண்ணி.

வண்டி மேற்கே திரும்பியது. சூரியன் மறுபடியும் கண்ணுக்கு நேரே.

"தம்பி, அந்தக் கூலிங் கிளாஸை..." என்று ஆரம்பித்த அண்ணன், சட்டென்று நிறுத்தி, தானே எடுத்து மாட்டிக்கொண்டார்.